ஜிவ்வுக்குக் கீழே ஒரு மேகம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் எல்லாம் பாயில் சரிந்த பிறகுதான் அனிட்டா டீச்சருக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்கும். நீங்கள் நினைக்கிற படம் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, செல்போனின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கார்ட்டூன் பார்ப்பாள். முப்பது தாண்டிய பெண், பட்டம் வாங்கினவள், பட்டப்பகலில் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்க்கிறாளே என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். காப்பகத்துப் பிள்ளைகள் எந்த வீரனைப் பார்க்கலாம், எந்த வீரனைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்கிற பொறுப்பு அவளுடையது. செய்து பார்த்தால்தான் அதன் பாடு தெரியும்.

காப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தை ஒட்டின ஒரு தெருவில், மாதா கோயில் பங்குப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற இடம். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, வாசலில் மூன்று படி. சித்தாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், வெயில் தாழ்ந்ததும் வந்து கூட்டிப்போவார்கள். அனிட்டா கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். சமையலுக்கு அமலோற்பவம். அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசு அதைவிட ஜாஸ்தி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

டிவி வந்தது போன வருஷக் கடைசியில். டென்னிஸ் என்று ஒருத்தர், வீட்டுக்குப் புதுசு வாங்கினதும் பழசைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் ஒரு வாரம் பிள்ளைகள் கேட்டதை எல்லாம் அமலோற்பவம் போட்டுக் காட்டினாள். முகமூடி போட்டவன் வந்து குத்தினான், மூடாதவன் வந்து உதைத்தான். வார முடிவில் அஜித்குமார் என்கிற நாலு வயது மகாவீரன், செல்லமுத்து என்கிற மூன்றரை வயது எதிரியைச் சோற்றுத் தட்டால் மண்டையில் போட்டான். செல்லமுத்து சும்மா இருப்பானா, அவன் தொடையைக் கடித்து வைத்தான். இரண்டு தாய்மாரும் வாசலில் நின்று சண்டை போட்டதை வேறு ஒரு கதையாகத்தான் எழுத வேண்டும்.

அன்றைக்குத்தான் அனிட்டா ரிமோட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை பார்க்கிறதையே நாலு வயதுப் பிள்ளையும் பார்க்கிறது. ஆனால் பத்து வயதுக்கு அது கதை. நாலு வயதுக்கு அது செய்தி. எங்கேயோ நடந்தது, நாளைக்கு நம் தெருவிலும் நடக்கும் என்றே அது நம்பும். இது அனிட்டாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சில சட்டங்கள் போட்டுக்கொண்டாள். அடி உதை கூடாது. ரத்தம் கூடாது. துப்பாக்கி கூடாது. குழந்தை பயந்து அலறும்படியாக எதுவும் கூடாது. இந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் உலகத்தில் உள்ள வீரர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தரையாகத் தள்ளினாள்.

பெரியகைப் பாப்பு என்று ஒரு வீராங்கனையைக்கூடத் தள்ளினாள். அந்தப் பாப்புவுக்குப் பறக்கத் தெரியாது. முறம் அகலத்துக்கு இரண்டு கைகள், அவ்வளவுதான் அவள் சக்தி. யாராவது எங்கிருந்தாவது விழுவார்கள், அவள் ஓடிப்போய் ஏந்திக்கொள்வாள். நல்ல படம்தான். ஆனால் ஒவ்வொரு பாகத்திலும் ஒருத்தர் மரத்திலிருந்தோ பாலத்திலிருந்தோ விழ வேண்டியிருக்கிறதே. சத்தமே இல்லாமல் பார்த்தும் அனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். விழுகிறதைக் காட்டினால் பிள்ளைகள் பயப்படும் என்று மூடி வைத்தாள்.

கடைசியில் அகப்பட்டவன்தான் ஜிவ்வு.

ஜிவ்வு ஒரு நீலக் கரடிக்குட்டி. சிவப்புத் துண்டை முதுகில் கட்டியிருப்பான். யாரையும் அடிக்க மாட்டான். கெட்டவன் வந்தால் கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்கவைத்தே ஊரைவிட்டுத் துரத்திவிடுவான். இடுப்பில் ஒரு சின்னப் பாக்கெட் தொங்கும். அதன் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, உள்ளே இருக்கிற சாற்றை ஒரே மூச்சில் குடித்தான் என்றால் ஜிவ்வென்று வானத்துக்கு ஏறிவிடுவான். நடுவானத்தில் சாற்றின் சக்தி தீர்ந்துபோனாலும் பயமில்லை. கீழே ஒரு வெள்ளை மேகம் ஓடோடி வந்து அவனைத் தன் மடியில் வாங்கிக்கொள்ளும். அவன் அதன்மேல் கவிழ்ந்து படுத்துத் தூங்கிப்போவான். அனிட்டாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது. பாயில் தூங்குகிற பிள்ளைகளையும் மேகத்தில் தூங்குகிற ஜிவ்வுவையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் சட்டங்களை எல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எதிலும் அவன் மாட்டவில்லை.

ஜிவ்வு வந்த பிறகு காப்பகமே மாறிப்போனது. சாயங்காலம் ஆனால் ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் கூடத்தில் நீளமாக விழும். அந்த வெயிலுக்குள் பிள்ளைகள் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு கை விரித்துச் சுற்றி வருவார்கள். மின்விசிறி மேலே சோம்பலாகச் சுற்றும், இவர்கள் கீழே சுற்றுவார்கள். தூசி வெயிலில் பொன்னாக மிதக்கும். அடிதடி இல்லை, அழுகை இல்லை. சில நேரம் அனிட்டாவுக்கே இது காப்பகமா, கனவா என்று இருக்கும். தன் காலும் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பிவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொள்வாள்.

மலர்விழி மட்டும் பறக்க மாட்டாள். நாலு வயது, உடம்பைவிடக் கண்தான் பெரிசு. வந்த புதிதில் அவள் பேசுவதே கிடையாது. ஜிவ்வு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நிற்பாள். வானம் தெளிவாக இருக்கிற நாளில் அங்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும்.

"மிஸ்ஸு, ஜிவ்வு அந்த மலைக்குப் போவானா?"

"போவானே."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஜிவ்வுனு போனா ஒரே நிமிஷம்."

மலர்விழி தலையை ஆட்டிக்கொண்டாள். பேசாத பிள்ளை பேசிவிட்டதே என்று அனிட்டாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அன்று பஸ்ஸில் போகும்போது, கோமுகி வாய்க்கால் ஓரத்துக் கரும்புத் தோகைகள் அசைகிறதைப் பார்த்துக்கொண்டே, ஒரு நீலக் கரடிக்குட்டிக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

மலர்விழியின் அம்மா செவ்வந்தி சித்தாள் வேலைக்குப் போகிறவள். எப்போதும் இருட்டுகிற நேரத்தில்தான் வருவாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். கார்த்திகை மாசத்தில் ஒரு நாள் மழை வந்து வேலை பாதியில் நின்றது. அன்று சீக்கிரமே வந்தாள். தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே படியேறியவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுவில் மலர்விழி நின்றிருந்தாள். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை எடுத்து, அதில் தண்ணீர் பிடித்து, அதன் வாயைச் சணல் கொண்டு கட்டியிருந்தாள். மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தாள்.

செவ்வந்தி பாய்ந்து வந்து அந்தப் பாக்கெட்டைத் தட்டிவிட்ட சத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் பறப்பதை நிறுத்தின.

"இன்னா டீச்சர் இது? யாருங்க இத்த இவளுக்குக் காட்டுனது?"

அனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஜிவ்வுங்க. கார்ட்டூன். அதுல அடிதடியே கெடையாது..."

"அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டும். பல்லால கிழிச்சிக் குடிக்கக் காட்டிகினு இருக்கீங்களே. வூட்ல பால் பாக்கெட்டக்கூட கத்திரிக்கோல்ல வெட்டி, சொம்புல ஊத்திட்டு, கவர ஒளிச்சி வெக்கிறேன் நானு. இவ கண்ணுல படக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அனிட்டாவுக்கு உறைத்தது. இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூனில் இந்தத் தெருக்களில் விஷம் கலந்த பாக்கெட் சாராயம் குடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வீடு பந்தல் போட்ட ஜூன் அது. செவ்வந்தியின் புருஷன் அம்மாசியும் அதில் ஒருத்தன். இது அனிட்டாவுக்குத் தெரியாததில்லை. மலர்விழியைச் சேர்க்கும்போதே தெரியும். ஆனால் அவள் போட்ட சட்டத்தில் ரத்தம் இருந்தது, துப்பாக்கி இருந்தது. இந்தத் தெருவில் யாரும் துப்பாக்கியைப் பார்த்ததுகூடக் கிடையாது. பாக்கெட் அந்தச் சட்டத்தில் இல்லை. ஜிவ்வு பாக்கெட்டைக் கடித்ததை எத்தனை தடவை பார்த்திருப்பாள்! கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

மலர்விழிக்கு அம்மா ஏன் அழுகிறாள் என்றே விளங்கவில்லை. கிட்டே வந்து முந்தானையைப் பிடித்தாள்.

"அயாதம்மா. அப்பாவும் இத்த குடிச்சிட்டுத்தான மலைக்குப் பறந்தாரு? நானும் போயி இட்டாந்துர்றேன்."

அம்மாசி உயிரோடு இருந்தபோது மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்ற மலைக்குப் போவான். இரண்டு மூன்று நாள் வர மாட்டான். அவன் செத்த பிறகு, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை அப்பா எங்கே என்று கேட்டபோது, மலைக்குப் போயிருக்கிறார் என்று செவ்வந்தி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்புறம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தெருவிலுள்ள பெரிய பிள்ளைகள், உங்கப்பன் பாக்கெட் குடிச்ச ஆளு என்று சொல்லியிருந்தார்கள். இப்படி இரண்டு துண்டாகக் கிடந்ததை ஜிவ்வு வந்து ஒட்டவைத்துவிட்டான். அப்பா பாக்கெட்டைக் குடித்தார், பறந்தார், மலையில் இருக்கிறார். நாலு வயதுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு என்ன வேண்டும்?

அன்றோடு ஜிவ்வு நின்றான். பிள்ளைகள் தரையில் உருண்டு அழுதன. அனிட்டா டிவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். தீர்ந்தது என்று நினைத்தாள்.

எங்கே தீர்ந்தது? நாலு நாள் கழித்து மத்தியானத் தூக்க நேரத்தில் மலர்விழியின் பாய் காலியாகக் கிடந்தது. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் அமலோற்பவம் அவளைக் கண்டுபிடித்தாள். ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சிவிட்டு, வாயெல்லாம் நுரையோடு, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி, மேற்கே பார்த்துக் கை விரித்து நின்றுகொண்டிருந்தாள். அமலோற்பவம் ஓடிப்போய்க் கவுனைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். பக்கத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் ஆகவில்லை, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அனிட்டா திரும்பி வந்ததும், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த பாக்கெட், பாட்டில் எல்லாவற்றையும் உயரத்தில் எடுத்து வைத்தாள். இன்று ஷாம்பு. நாளைக்குப் பூச்சிமருந்தாக இருந்தால்?

"டிவிக்குத் துணி போட்டு மூடிட்ட. புள்ள மனசுல படம் ஓடிகினே கீதே, அத்த இன்னா போட்டு மூடுவ?" என்றாள் அமலோற்பவம், பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே. எப்போதும் கிண்டல் பண்ணுகிற வாய் அன்று கிண்டல் பண்ணவில்லை.

செவ்வந்தி வந்ததும் அனிட்டா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தப்பு என்னுதுதாங்க. ஆனா இப்ப நீங்கதான் அவகிட்ட சொல்லணும். அப்பா மலைல இல்லன்னு."

செவ்வந்தி பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா சொன்னீங்க டீச்சர். எனக்கே நானு இன்னும் சொல்லிக்கலையே."

ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்துமஸுக்கு முன்னால், காப்பகத்துப் பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒரு வேனில் ஏற்றி, கல்வராயன் மலைமேல் இருக்கிற கரியாலூருக்குக் கூட்டிப்போவது வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் என்ற பேச்சே கிடையாது. பிள்ளை இருந்தால் வேனில் இடம் உண்டு. இந்த வருஷம் மலர்விழியை விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட அனிட்டா யோசித்தாள். ஆனால் போவதற்கு முந்தின நாள் செவ்வந்தியே வந்து, "நானும் வர்றேன் டீச்சர். வேலைக்கு வரலன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். 

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வேன் மலையேறத் தொடங்கியபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வளைவுக்கு வளைவு மேகம் கீழே இறங்கி வந்தது. முதலில் மரங்களின் தலை மறைந்தது, அப்புறம் மரங்களே மறைந்தன. ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. தலைக்கு மேலே இருக்க வேண்டியது கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் பேச்சு வரும்? அஜித்குமார் மட்டும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரலை நக்கிப் பார்த்து, "சப்புனு கீது" என்று அறிவித்தான்.

கரியாலூரில் இறங்கியதும் ஈரக்காற்று முகத்தில் வந்து ஒட்டியது. எங்கேயோ அருவி விழுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பத்தடி தள்ளி நிற்கிறவர்கள் பாதி ஆளாகத்தான் தெரிந்தார்கள். மேகத்துக்குள்ளிருந்து ஒரு மாடு வந்தது, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது, திரும்பவும் மேகத்துக்குள் போய்விட்டது. அமலோற்பவம் புளிச்சோற்றுப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "இந்தப் புகையில யாரு புள்ளைய யாரு இட்டுகினு போவப் போறோமோ" என்று பிள்ளைகளை ஒரு புடவையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கவைத்தாள்.

மலர்விழி வரிசையில் இல்லை. அனிட்டாவுக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது, பக்கத்திலிருந்த பூங்காவின் ஓரத்தில், ஒரு பலாமரத்தடியில், செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் பிள்ளை நின்றிருந்தாள். கவுனுக்குள் கையை விட்டு எதையோ வெளியே எடுத்தாள். தண்ணீர் நிரப்பி வாய் கட்டின பாக்கெட். ஒன்றில்லை, இரண்டு. உடம்புச் சூட்டில் கதகதவென்று இருந்திருக்கும். வீட்டிலிருந்து அத்தனை தூரம் அவற்றை வயிற்றோடு வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"உனக்கு ஒண்ணும்மா, எனக்கு ஒண்ணு. குடி. ரெண்டு பேரும் பறந்து தேடலாம். இங்கதான் எங்கியோ கீறாரு."

அனிட்டா அங்கேயே நின்றுவிட்டாள். கிட்டே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. மேகம் மூன்று பேரையும் சேர்த்து மூடியிருந்தது. ஊர் இல்லை, வேன் இல்லை, மற்ற பிள்ளைகளின் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்டது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஆள் மேகத்துக்குள்ளிருந்து நடந்து வந்து, லோடு ஏத்த நேரமாயிடுச்சு என்று சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? செவ்வந்தியும் வெள்ளையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு கணம் எதிர்பார்த்தாள் என்றே அனிட்டாவுக்குப் பட்டது.

பிறகு செவ்வந்தி இரண்டு பாக்கெட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா இங்க இல்ல கண்ணு."

"இன்னும் மேலயா?"

"எங்கியும் இல்ல. அப்பா பறக்கல. அதைக் குடிச்சா யாரும் பறக்க மாட்டாங்க. அப்பா வுழுந்துட்டாரு. வுழுந்து செத்துட்டாரு. அம்மாதான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

மலர்விழி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது.  அப்புறம் கேட்டாள்.

"கீழ மேகம் இல்லியாம்மா?"

 அந்த மேகத்தைத் தேர்ந்தெடுத்தவளே அனிட்டாதான். எவ்வளவு நல்ல படம் என்று திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினவளும் அவள்தான்.

"இல்ல கண்ணு. மேகம் இல்ல."

"யாரும் வரலியா?"

"வந்தோம். நானு ஓடியாந்தேன். தெருவே ஓடியாந்துது. தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். அதுக்குள்ள வுழுந்துட்டாரு. எங்க கைக்கு எட்டல."

சொல்லி முடித்ததும் செவ்வந்தி அழுதாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்ளவில்லை, திரும்பிக்கொள்ளவில்லை, பிள்ளை பார்க்கிறதே என்று நிறுத்தவும் இல்லை. மலர்விழி சும்மா நின்று பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து அவளும் அழுதாள். இரண்டு பாக்கெட்டும் நசுங்கி உடைந்து, தண்ணீர் இருவரின் துணியையும் நனைத்துப் பலாமரத்தின் வேருக்குள் போனது. அனிட்டா இரண்டு பிளாஸ்டிக்கையும் பொறுக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. வேன் மேகத்திலிருந்து இறங்கி வெளியே வந்ததும் கீழே சமவெளி பச்சையாக விரிந்து கிடந்தது. அனிட்டா மலர்விழியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தூங்கவில்லை. அம்மாவின் மார்பில் தலை வைத்தபடி, பின்னால் போகிற மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்பு ஜன்னலில் நின்று பார்க்கிற பார்வை இல்லை அது. சும்மா மலையைப் பார்க்கிற பார்வை.

அடுத்த நாள் மத்தியானம் அனிட்டா செல்போனை எடுத்தாள். சத்தத்தைக் குறைக்கவில்லை. காதில் இயர்போன் கம்பியை மாட்டிக்கொண்டு, தான் தள்ளிவைத்திருந்த பெரியகைப் பாப்புவை முதலிலிருந்து பார்த்தாள். மரத்திலிருந்து ஒரு கிழவர் விழுந்தார். பாலத்திலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தது. ஒவ்வொருத்தர் விழும்போதும் கண்ணை மூடத்தான் தோன்றியது, மூடவில்லை. ஒரு பாகத்தில் பாப்பு ஓடிப்போயும் எட்டாமல், ஒரு மண்பானை விழுந்து உடைந்துவிட்டது. பாப்பு அந்த ஓட்டுத் துண்டுகளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளை ஏந்த ஓடினாள். அந்த இடம் வந்ததும் அனிட்டா காதிலிருந்த கம்பியைக் கழற்றிவிட்டு எழுந்துபோய் டிவியின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

"இன்னா, பொணம் வுழுற படமா காட்டப் போற?" என்றாள் அமலோற்பவம்.

"பாப்போம்க்கா. பயந்தா நிறுத்திடறேன். நான் கூடவே உக்காந்திருக்கேன்."

பிள்ளைகள் பயந்துதான் போயின. முதல் ஆள் விழுந்தபோது செல்லமுத்து ஓடிவந்து அனிட்டாவின் மடியில் முகத்தைப் புதைத்தான், அஜித்குமார் தன் கண்ணை மூடிக்கொண்டு விரல் சந்தில் பார்த்தான். பாப்பு ஏந்திக்கொண்டதும் கூடமே ஹோவென்று கத்தியது. பானை உடைந்தபோது யாரும் கத்தவில்லை. மலர்விழி டிவிக்கு ரொம்பக் கிட்டே நகர்ந்து போனாள். பாப்பு அழுகிற முகத்தைத் தன் விரலால் தொட்டாள்.

"கைக்கு எட்டல" என்று மற்ற பிள்ளைகளுக்கு விளக்கினாள்.

சாயங்காலம் மஞ்சள் வெயில் கூடத்தில் வந்து விழுந்தது. துண்டு கட்டிக்கொண்டு யாரும் பறக்கவில்லை. வாசலில் வரிசையாக நின்று, மேல்படியிலிருந்து ஒவ்வொருத்தராகக் குதித்தார்கள். கீழே நின்று ஏந்துகிற வேலையை மலர்விழி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அஜித்குமார் குதித்ததில் இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள். எழுந்து கவுனைத் தட்டிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். அனிட்டா வாசலிலேயே நின்றாள், எந்தப் பிள்ளைக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்ள.

செவ்வந்தி வந்தபோது அவள் தலையிலும் புருவத்திலும் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. தூக்குவாளியை எடுக்கப் படியேறி உள்ளே போனாள். திரும்பி மேல்படிக்கு வந்தபோது வழி மறிக்கப்பட்டிருந்தது. கீழே மலர்விழி காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் எவ்வளவு அகலம் முடியுமோ அவ்வளவு அகலம் விரித்து வைத்திருந்தாள்.

"வுழும்மா. நானு புடிச்சிக்கிறேன்."

"அய்ய, வழிய வுடுடி. நானு வுழுந்தா நீ நசுங்கிப் பூடுவ."

"மாட்டேன். வுழு."

செவ்வந்தி அனிட்டாவைப் பார்த்தாள். அனிட்டா படியோரம் ஒதுங்கி நின்றாள். செவ்வந்தி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள், கடைசிப் படியில் முழங்காலை மடக்கினாள். காலையிலிருந்து செங்கல் சுமந்த உடம்பு. அதை அப்படியே முன்னால் சாய்த்து, பிள்ளையின் கைகளுக்குள் விழுந்தாள்.

மலர்விழி ஒரு அடி பின்னால் தள்ளாடினாள். பிடியை மட்டும் விடவில்லை.